பூங்காச் சீரமைப்பு மண்ணிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாசி முடிந்து பங்குனி பிறந்த கையோடு, எங்கள் பகுதியிலுள்ள பொதுப் பூங்காவின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டிருக்கிறது. குளிர்காலப் பூக்களின் பருவம் முடிந்துவிட்டதால் சீரமைப்புப் பணிகள் தொடங்கவிருக்கின்றன என்றும், பணி நடைபெறும் நாட்களில் பூங்காவின் ஒரு பகுதி மூடப்பட்டிருக்கும் என்றும், பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. நடைபாதைக்குப் புதிய பேவர் பிளாக், கிரானைட் இருக்கைகள், சுற்றுச்சுவருக்கு வண்ணப்பூச்சு, பழுதடைந்த நீரூற்றைச் சரிசெய்தல், செல்ஃபி எடுத்துக்கொள்வதற்கென ஒரு மேடை, கழிப்பறையைப் புதுப்பித்தல் என்று பணிகளும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. செடிகளைப் பற்றியோ மரங்களைப் பற்றியோ மண்ணைப் பற்றியோ அப்பலகையில் ஒரு வரிகூட இல்லை. நகரின் வேறு சில சிறு பூங்காக்களிலும் பருவ முடிவுப் பணி என்பது பெரும்பாலும் கட்டுமானப் பணியாகவே சுருங்கிவிடுவதை அங்கெல்லாம் நடைப்பயிற்சிக்குச் செல்லும் நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பதால், இதைப் பொதுவில் வைப்பது தகும் எனக் கருதித் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கழிப்பறையைப் புதுப்பிப்பதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். காலையில் வரும் முதியோரும், மாலையில் குழந்தைகளோடு வரும் தாய்மார்களும் நெடுநாட்களாகக் கேட்டுவந்தது அது. இருக்கைகளும் தேவையே. செல்ஃபி மேடையைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வேண்டியவர்கள் நாகலிங்க மரத்தடியில் நின்று எடுத்துக்கொள்கிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. நான் சொல்ல வருவது, பூக்கள் முடிந்ததற்கும் அடுத்த பெருமழைக்கும் இடையே கிடைக்கும் இந்தச் சில மாதங்கள் பூங்காவின் மண்ணுக்கும் வேர்களுக்கும் உரியவை என்பதும், கல்லும் சிமென்ட்டும் அவற்றுக்குப் பிறகு வரட்டும் என்பதும்தான்.

சென்னையின் தோட்டப் பருவம் மலை ஊர்களின் பருவத்துக்கு நேர் எதிரானது. உதகையில் மே மாத மலர்க் கண்காட்சிக்கான செடிகள் வளர்ந்துகொண்டிருக்கும் வேளையில்தான் இங்கே செண்டுமல்லி காய்ந்து தலை சாய்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் நாற்று விட்டால் மார்கழி முதல் மாசி வரை பூக்கும். அதற்குப் பிறகு வெயில் ஏறி, மே 4-ஆம் தேதியளவில் தொடங்கும் கத்திரியில் உச்சத்தைத் தொடும். 2025 ஜனவரியில் செம்மொழிப் பூங்காவில் நடைபெற்ற மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், தங்கள் தெருமுனைப் பூங்காவிலும் ஆண்டு முழுவதும் அப்படிப் பூத்துக் குலுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் இந்த ஊர் மண்ணில் பங்குனி முதல் ஆடி வரை தோட்டம் ஆயத்தமாகும் காலம். அந்த நாட்களில் வெறுமையாகக் கிடக்கும் பாத்திகளைக் கண்டு யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அப்பாத்திகளில் என்ன வேலை நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது அவற்றில் நடப்பது இதுதான். பூத்து முடிந்த செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டு, சாக்கில் அடைக்கப்பட்டு, குப்பை வண்டியில் ஏறுகின்றன. அவற்றோடு வேம்பும் புங்கையும் இந்த மாதங்களில் உதிர்க்கும் இலைகளும் போய்விடுகின்றன. காலை ஆறு மணிக்கெல்லாம் பெருக்கிச் சுத்தமாக்கிவிட வேண்டும் என்பது மேலாளரின் கண்டிப்பான உத்தரவு என்று பணியாளர்கள் சொல்கிறார்கள். வண்டி வராத நாட்களில், பின்பக்கச் சுவரோரம் இலைக் குவியலுக்குத் தீ வைக்கப்பட்டு, நடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவதும் உண்டு. திறந்தவெளியில் குப்பையை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடைசெய்தன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று ஏக்கர் பூங்கா ஒன்று தன் மரங்கள் தரும் எருவையெல்லாம் கொடுங்கையூர் அல்லது பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்து மூட்டை மூட்டையாக எருவை விலைக்கு வாங்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பூங்காவின் பின்புறம், பழைய தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே யாரும் நடக்காத நீண்ட துண்டு நிலம் இருக்கிறது. அங்கே மூன்றடி ஆழத்தில் இரண்டு, மூன்று குழிகள் வெட்டி, காய்ந்த இலையை ஓர் அடுக்கும், பிடுங்கிய பச்சைச் செடிகளையும் வெட்டிய அருகம்புல்லையும் ஓர் அடுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, சாணக் கரைசலைத் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று, நான்கு மாதங்களில் கறுத்து உதிரியான எரு கிடைக்கும். காய்ந்த இலையை மட்டும் கொட்டினால் அது மட்குவதற்கு வெகுகாலம் ஆகும். இலையில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. பச்சைப் பொருள் சேர்ந்தால்தான் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். அருகிலுள்ள கோயிலில் நாள்தோறும் கழிக்கப்படும் மாலைகளில் நாரையும் பிளாஸ்டிக் ஜரிகையையும் நீக்கிவிட்டுச் சேர்த்தால் இன்னும் நல்லது. பங்குனியில் நிரப்பிய குழி ஆடியில் திறப்பதற்குத் தயாராக இருக்கும். ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் எருவுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

குழியில் போட்டது போக மீதமுள்ள இலையை மரத்தடிகளில் மூடாக்காகப் பரப்பலாம். நான்கு விரற்கடை கனத்துக்கு இலை கிடந்தால் சித்திரை வெயிலிலும் அடியில் ஈரம் நிற்கும். தண்ணீர் ஊற்றும் வேலை வெகுவாகக் குறையும். தூரை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புவது மட்டும் முக்கியம். பெருக்காமல் விட்டுவிட்டார்கள் என்று யாரேனும் புகார் செய்வார்கள் என்ற அச்சத்தால்தான் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். காரணத்தை எழுதி ஒரு சிறு பலகை வைத்தால் அந்தப் புகார் வராது.

பாத்திகளைப் பொறுத்தவரை, செண்டுமல்லிச் செடியை வெளியே அனுப்புவது வீண். அதன் வேர்கள் மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் குறைக்கும் தன்மையுடையவை. பூ முடிந்ததும் செடியை நறுக்கி அதே பாத்தியில் மடக்கி உழுவது நம் விவசாயிகள் அறிந்த வழக்கம். வேரழுகல் கண்ட பாத்திகளைக் கொத்தி, நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் இறுக மூடி, கத்திரி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் வரை விட்டுவைத்தால், நோய்ப் பூஞ்சைகளும் களை விதைகளும் பெருமளவு வெந்துபோகும். மருந்து அடிக்காமல், வெயிலே செய்து தரும் வேலை இது. கோரைக்கு அது முழுத் தீர்வாகாது. அதன் கிழங்கைக் களைக்கொத்தியால் கிளறிப் பொறுக்கித்தான் ஆக வேண்டும், ஒரு கிழங்கு தப்பினாலும் மறுபடி முளைக்கும்.

விதைகள் பற்றியும் ஒரு சொல். எங்கள் பூங்காவில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் ஓர் அம்மா, சென்ற வாரம் காசித்தும்பைக் காய்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கிள்ளுவதைக் கண்டேன். சற்று அழுத்தினாலும் காய் வெடித்து விதை நாலாபுறமும் சிதறிவிடும் என்பதால் கையை விரிக்காமலே முந்தானை முடிச்சில் சேர்த்துக்கொண்டிருந்தார். கோழிக்கொண்டைப் பூக்களைத் தலைகீழாகப் பிடித்து முறத்தில் தட்டி, மிளகைவிடச் சிறிதான அந்தக் கறுப்பு விதைகளைப் புடைத்துத் தனியே காகிதத்தில் மடித்தார். அவரிடம் விதை சேகரிக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. நாட்டு வகைகளுக்கு இவ்வாறு விதை எடுத்துவைத்தால் ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டியதில்லை. பெட்டூனியா போன்ற கலப்பின வகைகளின் விதையை எடுத்துப் பயனில்லை, அடுத்த தலைமுறையில் நிறமும் உருவமும் மாறிவிடும். அவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். சாமந்தியை முழுதும் பிடுங்கிவிடாமல், தண்டை வெட்டிவிட்டு, அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நிழலில் ஒரு நாற்றங்காலில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

மரங்களின் நிலைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பலகையில் கண்ட பேவர் பிளாக் பணி, பூங்காவின் முதிர்ந்த மரங்கள் நிற்கும் வடக்குப் பாதையில் தொடங்கவிருப்பதாகத் தெரிகிறது. அங்கே மகிழம், புங்கை, பூவரசு, வேம்பு ஆகியவை வரிசையாக நிற்கின்றன. மரத்துக்கு உணவும் நீரும் ஈட்டித்தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடி, ஒன்றரை அடி ஆழத்துக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது. பேவர் பிளாக் பதிப்பதற்காக அந்த ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லி போட்டு இறுக்கி, விளிம்பில் சிமென்ட் கட்டையும் வைத்துவிட்டால் வேர் அறுபடுவதோடு மிஞ்சிய வேருக்குக் காற்றும் கிடைக்காது. தில்லி தொடர்பான வழக்கொன்றில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டிலேயே, மரத்தின் தூரிலிருந்து ஒரு மீட்டர் தொலைவுக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு உத்தரவிட்டது. சென்னையில் நாம் அந்த ஒரு மீட்டரை விட்டுவைத்தாலே பெரிய காரியம். முதிர்ந்த மரங்களுக்கு அதுவும் போதாது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் இந்நகரின் மரங்களை என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. மயில்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற அயல்நாட்டு மரங்கள்தாம் சாய்ந்தன, நாட்டு மரங்களாக இருந்தால் நின்றிருக்கும் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அதில் உண்மை உண்டு; ஆனால் அது முழு உண்மையன்று. எங்கள் தெருவில் அன்று சாய்ந்தது ஒரு வேம்பு. அது விழுந்த பிறகு வேர்ப்பகுதியைப் பார்த்தால், முன்பு பள்ளம் தோண்டிய பக்கத்தில் பருத்த வேர்கள் ரம்பத்தால் அறுத்ததுபோல் ஒரே நேர்க்கோட்டில் முடிந்திருந்தன. மறுபக்க வேரை மட்டும் நம்பி நின்ற மரம் அது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்திலுள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயலில் விழுந்த பிறகும், சுற்றிலும் ஊன்றிய விழுதுகளால் அந்த ஆல் இன்றளவும் நிற்கிறது. எல்லா மரங்களுக்கும் விழுது கிடையாது. அவற்றுக்கு வேரைத்தான் காத்துக் கொடுக்க வேண்டும்.

நடைபாதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மேடுபள்ளமான பாதையில் முதியோர் தடுக்கி விழுவதை நானும் பார்க்கிறேன். மரங்கள் இல்லாத தெற்குப் பாதையில் பேவர் பிளாக் பதிக்கட்டும். வடக்குப் பாதையில் தோண்டாமல், இருக்கும் மண்ணின் மேலேயே செம்மண்ணும் கிராவலும் கலந்து பரப்பி, மென்மையாகச் சமன்செய்தால் போதும். செலவும் குறைவு, மழைநீரும் இறங்கும், வெறுங்காலில் நடக்க விரும்புவோருக்கும் சுடாது.

அதே மகிழ மரங்களில் ஒன்றில், என்றோ ஒரு பொங்கலுக்குச் சுற்றிய சீரியல் விளக்குக் கம்பி இன்னும் அவிழ்க்கப்படாமல் இருக்கிறது. பட்டை கம்பியை விழுங்கத் தொடங்கி, சுற்றுக்கு மேலே தண்டு வீங்கியும் கீழே மெலிந்தும் காணப்படுகிறது. இலையில் உருவாகும் உணவு வேருக்கு இறங்க முடியாமல் அங்கேயே தேங்கி நிற்பதன் அடையாளம் இது. கம்பியை அறுத்தெடுக்க ஒரு வெட்டுக்குறடும் ஒரு மணி நேரமும் போதும். விளம்பர ஆணிகளையும் அதே ஏணியிலிருந்து பிடுங்கிவிடலாம். நீரூற்றுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு துளிகூட இதற்குத் தேவைப்படாது.

கவாத்து குறித்தும் கவனம் வேண்டும். பருவ முடிவு என்றாலே எல்லாவற்றையும் ஒருசேர வெட்டிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் உண்டு. குண்டுமல்லியைக் கார்த்திகையில், நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். அரும்பு கட்டும் இந்தப் பங்குனியில் அதில் கத்தரியை வைத்தால் ஓராண்டுப் பூவை இழந்தோம். பெருமரங்களில் பட்ட கிளைகளை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். ஆனால் பசுங்கிளைகளைக் கோடை உச்சத்தில் வெட்டினால் இதுவரை நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கிறது. காகங்கள் கூடு கட்டும் மாதங்களும் இவையே. புயலுக்கு முன்னெச்சரிக்கையாகச் செய்யும் கவாத்தை ஆவணி, புரட்டாசியில் வைத்துக்கொள்வதே முறை. அப்போதும் தலையை மொட்டையடிக்கக் கூடாது. மொட்டையடித்த இடத்தில் கிளம்பும் போத்துகள் பிடிமானமற்றவை. அடுத்த காற்றில் அவைதாம் முதலில் முறியும். நெருக்கமான உள்கிளைகளைக் களைந்து காற்று புகுந்து வெளியேற வழி செய்வதே போதுமானது. பெரிய வெட்டுகளின் மேல் மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர் என்ற அளவில் கலந்த போர்டோ பசை என்னும் பூஞ்சைத் தடுப்புப் பூச்சைத் தடவுவதும் தோட்டக்காரர்கள் அறிந்த முறைதான்.

தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை என்பது இங்கு அரிய நிகழ்ச்சியன்று. அந்த ஒரு நாளில் ஓர் ஏக்கர் நிலத்தில் விழும் நீர் நான்கு லட்சம் லிட்டர். எங்கள் பூங்காவில் அந்த நீர் நடைபாதை வழியே ஓடி, வாயிலைத் தாண்டி, ஏற்கெனவே தேங்கி நிற்கும் தெருவில் போய்ச் சேருகிறது. அடுத்த மே மாதத்தில் செடிகளுக்கு லாரித் தண்ணீர் வருகிறது. 2003-இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில், 2019 கோடையின் வறட்சியைக் கண்ட நகரத்தில், இது பொருந்தவில்லை. பூங்காவில் முன்பே கட்டிய உறைகிணறுகள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் மண்ணும் பிளாஸ்டிக்கும் நிரம்பிக் கிடக்கின்றன. கோடை முடிவதற்குள் அவற்றைத் தூர்வாரி, கூழாங்கல்லை எடுத்து அலசி மீண்டும் இட்டு, பாதையின் சரிவை அவற்றை நோக்கித் திருப்பினால் தெருவுக்குப் போகும் நீரில் பெரும்பகுதி உள்ளேயே இறங்கிவிடும். மாநகரில் சில இடங்களில் அமைக்கப்பட்டுள்ள ஸ்பாஞ்ச் பூங்காக்களின் அடிப்படைக் கருத்தும் இதுதானே. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மணற்பாங்கு, நீர் உடனே இறங்கிவிடும்; எங்கள் பக்கம் களிமண் என்பதால் தேங்கவிட்டு மெதுவாக இறக்கும் ஏற்பாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. பழுதான நீரூற்றைப் பொறுத்தவரை, அதில் தேங்கும் நீரில் கொசு உற்பத்தியாவதைத்தான் ஆண்டுதோறும் காண்கிறோம். ஊற்றை நிறுத்திவிட்டு, அதன் தொட்டியில் தாமரையோ அல்லியோ வைத்து, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனும் விட்டால் போதும் என்பது என் கருத்து.

புதிதாக மரக்கன்று நடும் எண்ணம் இருக்குமானால், அதற்கான குழிகளை இப்போதே வெட்டி ஆறப்போட வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி இருக்கும்படி வெட்டி, மேல்மண்ணைத் தனியே குவித்து, கோடை முழுதும் வெயில் படவிட்டு, ஆவணியில் அந்த மேல்மண்ணோடு எருவும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பிக் கன்று வைத்தால், ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். விழா நாளொன்றில் அவசரமாக ஓரடிக் குழியில் கன்று வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதில் செலவாகும் கன்றுகளின் எண்ணிக்கை நடுபவர்களுக்கும் தெரியும்.

கடைசியாக, பணியாளர்கள். பராமரிப்பு ஒப்பந்தம் இந்த மாத இறுதியோடு முடிந்து புதிய ஒப்பந்ததாரரிடம் மாறுவதாகக் கேள்விப்படுகிறேன். ஒப்பந்தம் மாறும்போது பணியாளர்களும் மாறிவிடுவது வழக்கமாகிவிட்டது. புதிதாக வருபவர் உழைப்பில் குறைந்தவர் அல்லர். ஆனால் எந்தப் பாத்தியில் வேரழுகல் வந்தது, எந்தக் குழாயை எவ்வளவு திறந்தால் கடைசிப் பாத்திவரை தண்ணீர் பாயும், காகிதத்தில் மடித்துவைத்த விதை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் மேலே குறிப்பிட்ட அம்மாவைப் போன்றவர்களைப் புதிய ஒப்பந்தத்திலும் தொடரச் செய்வதற்கு ஒரு நிபந்தனை சேர்ப்பது நிர்வாகத்துக்குக் கடினமன்று. கவாத்துக் கத்தரி, களைக்கொத்தி, கையுறை, வெயிலுக்குத் தொப்பி, குடிநீர் ஆகியவற்றுக்கும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரி இடம் கிடைக்கட்டும். இப்போது அவர்களில் சிலர் தங்கள் வீட்டு அரிவாளைக் கொண்டுவந்துதான் வேலை செய்கிறார்கள்.

எனவே, பூங்காவை நிர்வகிக்கும் துறையினர் வடக்குப் பாதையில் தோண்டும் பணியை நிறுத்திவைத்து, தோட்டக்கலை அறிந்த அலுவலர் ஒருவரை அனுப்பி மரங்களைப் பார்வையிடச் செய்ய வேண்டும் என்றும், எரு குழிகளுக்கும் உறைகிணறுகளுக்கும் இந்த ஆண்டுத் திட்டத்திலேயே இடமளிக்க வேண்டும் என்றும், பணிகளின் மதிப்பீட்டையும் கால அட்டவணையையும் வாயிற்பலகையில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பணி நடக்கும் நாட்களில் கிழக்கு வாயிலையாவது காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை திறந்து வைத்தால், சாலையில் நடக்க அஞ்சும் முதியோர் வீட்டோடு முடங்காமல் இருப்பார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
சென்னை